அடிபம்பைக் கழட்டின அன்னிக்கு ராத்திரி

இன்னைக்கு ஒரு அடிபம்பைப் பத்திப் பேசப் போறேன். உங்கள்ல பாதிப் பேர் ஸ்கூல்ல அதை அடிச்சு, கையைக் குவிச்சுத் தண்ணி குடிச்சிருப்பீங்க. மீதிப் பேர் சினிமால பார்த்திருப்பீங்க.

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். எங்க தெருமுனையில ஒரு அடிபம்பு இருந்துச்சு. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே போட்டது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சு, கரண்ட் இல்லாம கிடந்த நாட்கள்ல எங்க தெருவே அதை நம்பித்தான் இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு குழாய் வந்துச்சு. பம்பை யாரும் தொடலை. வாஷர் தேஞ்சு போய், அடிச்சா வெறும் காத்துதான் வந்துச்சு. சரி, இதைக் கழட்டிட்டு அதே போர்ல மோட்டார் இறக்கி, பக்கத்துல ஒரு சின்டெக்ஸ் டேங்க் வைக்கலாம்னு முடிவாச்சு. நான் லீவுக்குப் போயிருந்த அன்னிக்கு அதுக்கு ஆள் வந்தாங்க.

அது என்ன பம்புன்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்குப் பேர் இந்தியா மார்க் 2. 1970-கள்ல நம்ம கிராமங்கள்ல இருந்தது வார்ப்பிரும்பு பம்பு. ஒரு குடும்பம் உபயோகிக்கறதுக்காக வெளிநாட்டுல செஞ்ச மாடலைப் பார்த்து செஞ்சது. அதை ஒரு ஊரே அடிச்சா எப்படித் தாங்கும்? நாலு பம்புல மூணு ரிப்பேர்ல கிடந்துச்சுன்னு அப்போ கணக்கெடுத்தவங்க சொன்னாங்க. சோலாப்பூர்ல எஃகுத் தகட்டை வெல்டிங் செஞ்சு உருவாக்கின ஒரு பம்பு மட்டும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. யுனிசெஃபும் மத்திய அரசும் அதை அடிப்படையா வச்சுப் புது பம்பை உருவாக்கி, கோயம்புத்தூர் பக்கம் சோதிச்சுப் பார்த்தாங்க. 1970-களோட கடைசியில சென்னையில ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில தயாரிப்பு ஆரம்பிச்சுது. நம்ம ஊர்ல பொறந்த அந்த பம்பு அப்புறம் ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு.

நல்ல பம்புதான். ஆனா கழட்டறது லேசு இல்லை. முன்மூடியைத் திறந்து, செயினை ராடுலேர்ந்து விடுவிச்சு, தலைப்பகுதியை இறக்கினாங்க. அடுத்தது தண்ணித் தொட்டி. அதோட அடியிலதான் மொத்த பைப்பும் தொங்குது. ஒரு பைப் 3 மீட்டர் நீளம். எங்க போர்ல 11 பைப். உள்ள ராடு, கடைசியில சிலிண்டர், நடுவுல நிக்கற தண்ணி. எல்லாம் சேர்த்து நல்ல கனம் வரும். ஒரு பைப்பைத் தூக்கறது, கிளாம்ப் போடறது, ரெஞ்ச் போட்டுத் திருகறது, அடுத்ததைத் தூக்கறது. கிளாம்ப் நழுவினா மொத்தமும் உள்ள போயிடும், போரே வீணாயிடும். அதனால வேலை பார்த்தவங்க கண்ணை எடுக்கவே இல்லை. அவங்க திறமையில ஒரு குறையும் சொல்ல முடியாது.

கடைசியா, கான்கிரீட்டை உடைச்சு பம்போட இரும்புக் காலையும் எடுத்தாங்க. அது வரைக்கும் முட்டி உயரத்துல இருந்த வாய் தரை மட்டத்துக்கு வந்துடுச்சு. மணி ஆறு. மோட்டார் மறுநாள் வருமாம். வாய் மேல ஒரு கோணிப்பையைப் போட்டு, அது மேல ஒரு கல்லை வச்சாங்க. "காலைல வந்துடறோம் தம்பி"ன்னு வண்டியை எடுத்தாங்க.

எங்க ஆயா திண்ணையிலேர்ந்து எழுந்து வந்தாங்க. "இப்படியேவா விட்டுட்டுப் போறீங்க?"

"அதான் கல்லு வச்சிருக்கோமே ஆயா."

வண்டி போயிடுச்சு. நான் கோணியை விலக்கிப் பார்த்தேன். வாய் என் ஒரு சாண்கூட இல்லை. "இதுல யாரு ஆயா விழப் போறா?"ன்னு கேட்டேன்.

"மணப்பாறையில அந்தப் புள்ள எதுலடா விழுந்துச்சு?"

எனக்குப் பதில் வரலை. 2019 அக்டோபர் 25, மணப்பாறை பக்கத்துல நடுக்காட்டுப்பட்டி. விளையாடிட்டு இருந்த 2 வயசுக் குழந்தை, கைவிட்ட ஒரு போருக்குள்ள விழுந்துச்சு. 29-ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி உயிரில்லாமதான் வெளியே எடுத்தாங்க. தமிழ்நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த நாலு நாள் அது. ஆயா அந்த நாலு நாளும் சரியாச் சாப்பிடலை.

எங்க எதிர்வீட்டுல நடக்கப் பழகின ஒரு குழந்தை இருக்கு. காலையில கதவைத் திறந்தா முதல்ல வெளியே வர்ற ஆளே அதுதான். ஆயா வேற எதுவும் பேசலை. கயித்துக் கட்டிலை இழுத்துட்டு வந்து, அந்த ஓட்டைக்கு மேலேயே போட்டுப் படுத்துக்கிட்டாங்க. நான் பக்கத்துல ஒரு சேர் போட்டு உட்கார்ந்தேன். அன்னிக்கு ராத்திரி முழுக்க எங்க தெருவுல ஒரு போருக்கு மூடி, எழுபது வயசைத் தாண்டின ஒரு அம்மா.

மறுநாள் மோட்டார் வரலை. நான் உத்திரமேரூர் போய், ஒரு வெல்டிங் பட்டறையில கேசிங் பைப் அளவுக்குத் தொப்பி மாதிரி ஒரு இரும்பு மூடி செஞ்சு, சுத்தி மூணு போல்ட் வச்சு இறுக்கினேன். செலவு ஐந்நூறு ரூபாகூட ஆகலை. மோட்டார் வந்தது நாலாவது நாள்.

அப்புறமா தேடிப் படிச்சேன். 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதுக்கு விதி சொல்லியிருக்கு. போர் வாயை எஃகுத் தகட்டால வெல்டிங் பண்ணணும், இல்லைன்னா போல்ட் போட்ட பலமான மூடி வைக்கணும். பம்பு ரிப்பேர் நடக்கும்போதும் போரைத் திறந்து போடக் கூடாது. இனி வேண்டாம்னு கைவிட்டா, களிமண், மணல், கூழாங்கல் மாதிரி எதையாவது போட்டு அடியிலேர்ந்து தரை வரைக்கும் நிரப்பணும். விதி தெளிவாத்தான் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அது யாரோட வேலைங்கறதுதான் தெளிவா இல்லை. கழட்டினவங்களுக்கு வேலை முடிஞ்சுது. மாட்டறவங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கலை. நடுவுல இருக்கற அந்த ஒரு ராத்திரிக்கு ஆள் இல்லை.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, முதலாம் பராந்தகன் காலத்துல, இதே உத்திரமேரூர்ல குடவோலை போட்டு ஆள் எடுத்தாங்க. அதுல ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே ஒரு வாரியம் இருந்துச்சு, ஏரி வாரியம். தண்ணி இருக்கற இடத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேணும்னு கல்லுல வெட்டி வச்ச ஊர் இது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்க இல்ல? உங்க தெருவுல, கொல்லையில, வயல்ல கழட்டின பம்பு எங்கேயாவது இருந்துச்சுன்னா பக்கத்துல போய்ப் பாருங்க. கோணியும் கல்லும் மூடி இல்லை. உங்க வீட்டுலேயே பம்பு கழட்டறதா இருந்தா, மூடியை முதல்ல வாங்கி வச்சுட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க.

ஆயா இப்போ திண்ணையிலதான் படுக்கறாங்க.