கரண்ட் பாக்கியும் மஞ்சக் கடுதாசியும்

(காலனி இரவுப் பாடசாலையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கரண்ட் பில்லைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் கூட்டம் நடத்துற தோழருக்கு முகம் சுண்டிப்போச்சு. கவிஞன் பேச வேண்டிய விஷயமா இது என்கிறார். நான் பகலெல்லாம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் கடனை எண்ணிக்கொண்டிருப்பவன். என் கவிதை அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. 1942இலிருந்து 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை பாபாசாகேப் அம்பேத்கர் கையில் இருந்தது. பாசனமும் மின்சக்தியும் அந்தத் துறைக்குள்ளேதான் இருந்தன. இந்த நாடு வறுமையிலிருந்து மீள மலிவான மின்சாரம் வேண்டும் என்று அரசாங்க மேசையில் உட்கார்ந்து வாதாடியவர் அவர். சிலைக்கு மாலை போடும் கட்சிகள் இதைச் சொல்வதில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஊரில் பெரிய மனுசன் கடன்பட்டால் என்ன செய்கிறான்? மஞ்சக் கடுதாசி கொடுக்கிறான். ஐ.பி. போட்டுட்டான், மஞ்ச நோட்டீஸ் விட்டுட்டான் என்று நாலு நாள் பேசுவார்கள். அஞ்சாம் நாள் அவன் மச்சான் பேரில் கடை திறப்பான். அது சட்டம். மெட்ராசுக்கு 1909இல் ஒரு திவால் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920இல் ஒரு திவால் சட்டம். 1920 சட்டப்படி கடன் 500 ரூபாய் இருந்தாலே கடன்காரன் தானாகப் போய் மனுப் போடலாம். வெள்ளைக்காரன் எழுதிய அந்த 500 நமக்கும் சேர்த்துத்தான். ஆனால் நம்ம தெருவிலிருந்து மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் ஒருத்தனை யாராவது காட்டுங்கள் பார்ப்போம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் அவன் ஏன் கடனாளியாகிறான்! நமக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கு பஸ் ஏறுவது, இல்லாவிட்டால் அரளிக்கொட்டை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். தொகுப்பு வீடு, ரெண்டு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. 2019இல் மீட்டர் ஓடாமல் நின்றுவிட்டது. ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் ஏதோ ஒரு தொகையை எழுதிவிட்டுப் போனார். அக்காவும் எழுதியதைக் கட்டிக்கொண்டே வந்தது. மீட்டரையும் மாற்றினார்கள். எல்லாம் முடிந்து 2024இல் ஆடிட்டில் கண்டுபிடித்தோம், குறைவாக எழுதியிருக்கிறது, 9,860 ரூபாய் கட்டு என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பத்தாம் நாள் வந்து பீசைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

அக்கா என்ன செய்தது? தண்டல்காரனிடம் போனது. 10,000 எழுதி 8,500 கையில். தினம் நூறு ரூபாய், நூறு நாள். பற்றாததற்குத் தோட்டை அடகு வைத்தது. தண்டலைக் கட்ட முடியாமல் மகளிர் குழுக் கடன். ஈ.பி. கணக்கில் பாக்கி ஒரே நாளில் தீர்ந்துபோனது. அக்காவின் கணக்கில் இன்னும் தீரவில்லை. வெளிச்சுவரில் ஒரு மீட்டர், உள்ளே மீட்டர் வட்டி. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் வருசத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை. அந்தச் சட்டம் இருக்கும்போதேதான் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலிக் குடும்பம், ரெண்டு பெண் குழந்தைகளோடு, எரிந்து செத்தது.

அந்த அக்காவுக்கு நடந்ததைச் சட்டப்படி பார்க்கலாம். 2003 மின்சாரச் சட்டம், பிரிவு 56. இணைப்பைத் துண்டிக்கும் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முழுசா 15 நாள் விட வேண்டும். இந்தத் தொகையை ஒத்துக்கொள்ளவில்லை என்று தகராறு எழுப்பினால், கேட்கும் முழுத்தொகை, அல்லது முந்தின ஆறு மாதம் கட்டியதன் சராசரி, இதில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டினால் போதும். தகராறு தீரும்வரை கரண்டை வெட்டக் கூடாது. இன்னொன்று. கட்ட வேண்டியதான நாளிலிருந்து ரெண்டு வருசம் போய்விட்டால், பாக்கி என்று தொடர்ந்து பில்லில் காட்டி வந்திருந்தால் ஒழிய வசூலிக்க முடியாது. இதில் உச்ச நீதிமன்றம் 2020இல் ராஜஸ்தான் கேஸ் ஒன்றில் ஒரு முடிச்சுப் போட்டது. வாரியம் தன் தப்பை லேட்டாகக் கண்டுபிடித்தால் கூடுதல் பில் போட்டுக் கேட்கலாம். ஆனால் அதற்காகக் கரண்டை வெட்டி மிரட்டக் கூடாது. கேட்கலாம், வெட்டக் கூடாது. அதாவது அக்கா அன்றைக்கே தண்டலுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை.

இதை எங்கே போய்ச் சொல்வது? ஏ.இ. ஆபீசில் வாயால் சொன்னால் காற்றோடு போச்சு. எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் பதிவுத் தபால். தவணை கேட்பதையும் எழுதியே கேளுங்கள், மாதம் எவ்வளவு முடியும் என்று தொகை போட்டு. அதற்கு மேல் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். சில மாவட்டங்களில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மின்சாரம், தண்ணி மாதிரி பொதுச் சேவைத் தகராறை கோர்ட்டுக்குப் போகும் முன்னாலேயே அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது. ரெண்டு தரப்பும் ஒத்துவராவிட்டால் அதுவே தீர்ப்புச் சொல்லும். கொக்கி போட்டுத் திருட்டுக் கேஸ் ஆனது வேற விவகாரம், அதை இதில் குழப்பாதீர்கள்.

வக்கீலுக்கு எங்கே போக? 1987 சட்டப் பணிகள் சட்டத்தில் 12ஆம் பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடி என்றால் வருமானமே கேட்காமல் இலவச வக்கீல். பெண்களுக்கும் அப்படியே. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். சாதிச் சான்றிதழை வேலைக்கும் படிப்புக்கும் மட்டும் காட்டுகிறோம். இங்கேயும் காட்டலாம்.

குழுக் கடன் வசூலுக்கு வருகிறவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, உன்னை போலீஸ் பிடிச்சிட்டுப் போகும் என்கிறான். பச்சைப் பொய். பணக்கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைதுசெய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அங்கேயும் பிரிவு 56தான், வேடிக்கை. சமைக்கிற பாத்திரம், உடுத்துகிற துணி, படுக்கை, தொழில் செய்கிற ஆயுதம், இதையெல்லாம் ஜப்தி செய்யவும் முடியாது. கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் இப்படி மிரட்டுவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இப்போது எனக்கு வயிற்றெரிச்சலான விஷயம். 2016இல் திவால் சட்டம் புதிதாக வந்தது. கம்பெனிகளுக்கு உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கோடி பாக்கி வைத்தவனுக்கு அதில் பாதிக்கு மேல் தள்ளுபடி. அதற்கு 'ஹேர்கட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடிவெட்டும் சாதி என்று ஒரு சனத்தை இழிவு பண்ணியவர்களுக்கு முதலாளிக்குத் தள்ளுபடி செய்யும்போது மட்டும் அந்த வார்த்தை இனிக்கிறது! அதே சட்டத்தின் மூன்றாம் பாகத்தில் ஏழைக்கு ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்', புதுசாக ஆரம்பிப்பது. வருச வருமானம் 60,000க்கு மேல் போகக் கூடாது, சொத்து 20,000க்கு மேல் கூடாது, கடன் 35,000க்கு மேல் கூடாது. மனு ஏற்கப்பட்டால் 180 நாள் கடன்காரன் நெருங்க முடியாது, கடைசியில் கடன் தள்ளுபடி. படித்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியைப் பாருங்கள். சொந்த வீடு இருக்கக் கூடாது, அது அடமானத்தில் இருந்தாலும் சரி. ஓட்டை ஒழுகும் தொகுப்பு வீட்டை நம் பெயரில் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரன் நீ, போடா வெளியே என்கிறது சட்டம். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பகுதியை இன்றுவரை நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. தனிமனிதர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் திறந்துவிட்டார்கள்.

கடனை அடியோடு அழித்த சட்டம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் கடமையே செத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறது. கூலியில் கழித்துக் கழித்து முன்பணக் கடனுக்கு உழைக்கிற செங்கல் சூளைத் தோழர்கள் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் தனியாக என்னிடம் பேசுங்கள்.

மனு எழுத நான் தயார். பில் பாக்கி இருக்கிறவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கேயே வாருங்கள். வெள்ளை அட்டை, கடைசி ஒரு வருசப் பில்லு ரசீது, போனில் வந்த மெசேஜ், தண்டல் நோட்டு எல்லாம் கொண்டுவாங்க. ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீங்க, எங்கிட்டயும்தான். ஜெராக்ஸ் போதும்.