பழைய ரோந்துப் படகை ஏலத்தில் எடுக்கலாமா?

(கல்மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)

 

காசிமேடு துறைமுகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எஞ்சின் வேலை, ஐஸ், பழைய இரும்பு என்று அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே, "அரசாங்க ரோந்துப் படகு ஏலத்துக்கு வருகிறது, நாலு பேர் சேர்ந்து எடுப்போம்" என்று யாராவது சொன்னால் ஆசை வருவது இயல்பு. அது ஹலாலான தொழில்தான். தடுக்க நாங்கள் வரவில்லை. ஆனால் கூட்டாகப் போடும் பணம் ஒரு வீட்டின் நகையாகவோ ஒரு பெண்ணின் கல்யாணச் சேமிப்பாகவோ இருக்கும். அதனால்தான் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

அரசுத் துறைகள் கழித்துவிடும் கப்பல், படகு, வாகனங்களில் பல, எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் விற்கப்படுகின்றன. 'எங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே' என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு எஞ்சின் ஓடவில்லை என்று முறையிட முடியாது. ஏல விலைக்கு மேல் வரி உண்டு. குறித்த நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் இட வாடகையும் ஏறும். ஆகவே, பார்வையிட அனுமதிக்கும் நாளில் நல்ல எஞ்சின் மெக்கானிக்கையும் படகு கட்டும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்தைப் பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

ரோந்துப் படகு எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். 2005-ல் தொடங்கிய கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் கடலோர மாநிலங்களின் போலீசுக்கு 204 படகுகள் ஒதுக்கப்பட்டன. 5 டன், 12 டன் அளவுள்ள அவை விரட்டிப் பிடிப்பதற்கான படகுகள். மீன் வைக்கும் அறை அவற்றில் கிடையாது. 500 குதிரைசக்தி டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும். இரண்டு எஞ்சின் என்றால் 200 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 18,000 ரூபாய்! இதற்கு மேல் நிறுத்தும் கட்டணம், காவல், உதிரிபாகம் எல்லாம் இருக்கின்றன.

எதற்காக விற்கிறார்கள் என்பதையும் ஏலத் தாளில் படியுங்கள். ஐ.என்.எஸ். விராட் கப்பலை 2020-ல் ஒரு நிறுவனம் உடைப்பதற்காக 38.54 கோடிக்கு எடுத்தது. அதை அருங்காட்சியகமாக்க இன்னொரு நிறுவனம் முன்வந்தும் பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. நம் துறைமுகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2010-ல் பணி ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. அது சென்னைத் துறைமுகம் வரை வந்தும் திட்டம் நிறைவேறவில்லை. அரசுக்கே அப்படியென்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! மீன்பிடிக்க வேண்டுமானால் மீன்வளத் துறையின் பதிவு வேண்டும்; பயணிகளை ஏற்ற அனுமதி வேறு. இவை கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

முக்கியமான விஷயம், பங்கு. ஏலத்தில் ஒருவர் பெயரில் கேட்டால் ரசீதும் அவர் பெயரில்தான் வரும். நாளை அவர் வஃபாத்தாகிவிட்டால் வாரிசுகள் படகு தங்களுடையது என்பார்கள். மற்றவர்கள் கையில் எந்தத் தாளும் இருக்காது. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்பகரா 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அண்ணன் தம்பியானாலும் பணம் கொடுக்கும் முன்பே கூட்டு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். நஷ்டம் வந்தால் அவரவர் போட்ட முதலுக்கு ஏற்பவே ஏற்க வேண்டும். "லாபமோ நஷ்டமோ, மாதம் இவ்வளவு கட்டாயம் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது வட்டி, அதற்கு உடன்படாதீர்கள்.

கையில் உள்ளதையெல்லாம் ஏலத்திலேயே போட்டுவிடாமல், பழுதுபார்க்கவும் ஒரு வருடம் நிறுத்தி வைக்கவும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அது முடியாதென்றால் அந்தப் படகு நமக்கு வேண்டாம். தாய்மார்களே, நகையைக் கழற்றிக் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஏலத் தாள் புரியவில்லையென்றால் முன்பணம் கட்டும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.