பெயர் ஓரிடம், வீடு ஓரிடம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகப் பேசுவோர் சமயமும் இலக்கியமும் கற்றுத் தேர்ந்தவர்கள். அடியேன் இருபத்திரண்டு வயது மாணவன். படித்ததும் மிஷன் பாடசாலை ஒன்றில். ஆகையால் எனக்குத் தெரியாத பெரிய பொருளை எடுத்துக்கொண்டு உங்கள் பொறுமையைச் சோதிக்காமல், எனக்குத் தெரிந்த சிறிய பொருளொன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். வீட்டுக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பதே அப்பொருள்.

விண்ணப்பம் எழுதுவதும் சொற்பொழிவுக்கு ஒரு பொருளா என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் தாய்மாமனின் கதை என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளைவரை வந்து சேர்ந்தது. மலையிலிருந்து தேயிலையை இறக்குவதற்காக வந்த பாதை அது. தேயிலை லொறிக்கு மாறிய பிறகு, அந்த ரயிலில் நம் பிள்ளைகள் இறங்கலானார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று எந்தப் பக்கம் போனாலும், கொழும்பில் ஒரு பிள்ளை இல்லாத லயத்தைக் காண்பது அரிது. என் மாமாவும் பதினெட்டு வயதில் அப்படிப் போனவர்தான். முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்தட்டில் படுத்துறங்கினார். திருமணமான பின்பு கொழும்பு வடக்கில் ஒரு 'தோட்டத்தில்' ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். கொழும்பிலே நெருக்கமான குடிசைப் பகுதிகளையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். "ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வந்தேன், தம்பி, அங்கே தேயிலையாவது இருந்தது" என்று மாமா வேடிக்கையாகச் சொல்வார்.

கொழும்பில் இவ்வாறு வாழ்வோர் கொஞ்சநஞ்சமல்லர். 2011ஆம் ஆண்டளவில் நகர அபிவிருத்தி அதிகார சபை எடுத்த கணக்கிலே 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் இத்தகைய குடியிருப்புகளில் இருந்தன. அவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் வேலை 2001இல் திறக்கப்பட்ட சஹஸ்புர முதலாகப் பல இடங்களில் நடந்திருக்கிறது. மாமா வாழும் தோட்டத்துக்கும் ஒரு நாள் அளவெடுப்பவர்கள் வந்தார்கள். வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி பரவியது. மாமா என்னை அழைத்து, "நீ படித்த பிள்ளை, இதை நிரப்பித் தா" என்று படிவத்தை நீட்டினார்.

பாடசாலையில் எனக்குக் கடிதம் எழுதுவதை நன்றாகவே கற்பித்தார்கள். ஓரம் விட்டு, திகதியிட்டு, பிழையின்றி எழுதத் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே என் படிப்பு நின்றுவிட்டது. நிரந்தர விலாசம் எது? எத்தனை ஆண்டுகளாக இங்கே வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்? உம்முடைய பெயரில் மின்சாரப் பட்டியலோ தண்ணீர்ப் பட்டியலோ உண்டா? வாடகை செலுத்திய பற்றுச்சீட்டு உண்டா?

மாமா அந்த அறையில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவர். மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவர். ஆனால் ஒரு பற்றுச்சீட்டுகூட அவரிடம் இல்லை. மின்சாரம் வீட்டுக்காரரின் பெயரில் இருந்தது. வாக்காளர் இடாப்பிலோ அவருடைய பெயர் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் இரவு ரயிலேறி வந்து, லயத்தில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, வாக்களித்துத் திரும்புவது அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்தக் கந்தோரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் இங்கே வசிப்பதற்கு அத்தாட்சி இல்லையே" என்றார்.

சரி, தோட்டத்தில் ஏதேனும் வழியுண்டா என்று ஊருக்கு வந்தோம். இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள் கட்டப்பட்டதையும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். தோட்டத்திலே கேட்டபோது, "உன் பெயர் செக்ரோலில் இல்லை; நீ கொழும்புக்காரன்" என்றார்கள். கொழும்பிலே தோட்டத்தான், தோட்டத்திலே கொழும்பான். பெயர் இருந்த இடத்தில் வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் பெயர் இல்லை. இதுதான் என் மாமாவின் கதை. இந்த மண்டபத்தில் எத்தனை வீடுகளின் கதை என்பதை உங்கள் முகங்களே சொல்கின்றன.

அப்படியானால் பெயரைக் கொழும்புக்கு மாற்றிவிடலாமே என்று நான் சொன்னேன். அதைக் கேட்ட பாட்டி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "பெயரை வெட்டிவிட்டால் நீ இந்த மண்ணுக்கு யாரடா?" என்று அழுதார்கள். படிப்பறிவில்லாத பயம் என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது வெட்கப்பட்டேன்.

நண்பர்களே, அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றவராயினர். 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் அவர்கள் விண்ணப்பம் செய்தார்கள். இத்தனை ஆண்டுகள் இங்கே இடைவிடாமல் வாழ்ந்தோம் என்பதற்குக் காகிதம் காட்டு என்று கேட்கப்பட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டோம். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் அந்த நாடற்ற நிலை தீர்ந்தது. ஆகவே, ஓர் இடாப்பில் பெயர் இல்லாமற் போவதன் பொருள் என்ன என்பதை என் பாட்டி என்னைவிட நன்றாக அறிந்தவர். நம் சமூகத்தின் தலைவிதியே ஒரு விண்ணப்பத்தில் தொங்கியிருந்தது.

ஆயினும் அன்றைய இடாப்பு வேறு, இன்றைய இடாப்பு வேறு. இன்று நாம் இந்நாட்டுப் பிரசைகள். வாக்காளர் பதிவை ஒரு விலாசத்திலிருந்து இன்னொரு விலாசத்துக்கு மாற்றுவதால் பிரசாவுரிமை போய்விடாது. லயத்துக் காம்பராவோ மாமாவின் பெயரிலும் இருந்ததில்லை, பாட்டியின் பெயரிலும் இருந்ததில்லை. அதற்கு உறுதி கிடையாது. மாமாவின் பெயர் தோட்டத்து இடாப்பில் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது ஒரு வாக்கு, வீடல்ல. இதைப் பாட்டிக்கு மூன்று நாள் உட்கார்ந்து விளக்கினேன். மூன்றாம் நாள், "வாக்கை அங்கே வைத்துக்கொள்ளட்டும், பொங்கலுக்கு மட்டும் இங்கே வரவேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்றும் பார்க்கலாம். சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதத்தில் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அங்கே வசதி குறைந்தோருக்கு அரசு வாடகை வீடு தருகிறது. வருமானத்தைப் பார்த்தே வாடகையை விதிக்கிறார்கள். புதிய வீடு வாங்க விண்ணப்பிப்போருக்குக் குலுக்கலில் வரிசை எண் கிடைக்கிறது. அந்நாடு சிறியது, செல்வம் மிக்கது என்பது உண்மையே. ஆனால் வரிசையில் தன் இடம் எது என்பதை மனிதன் அறிந்துகொள்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பயனாளிகளின் பட்டியலை எல்லோரும் காணும்படி ஒட்டிவைக்கும்படி நாமும் கேட்கலாம் அன்றோ?

நம் பக்கத்து அனுபவத்தையும் மறக்கலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. உயிரோடு எஞ்சியவர்கள் புது வீடு காண ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலிலும் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். மண் மூடும்போது மனிதரோடு அவர்களுடைய காகிதப் பெட்டியும் மூடப்படுகிறது. நிவாரணம் வரும்போதோ முதலிற் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

ஆகையால் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வொரு வீட்டிலும் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு விபரம் ஆகியவை ஒரே கோவையில் இருக்கட்டும். அவற்றின் பிரதி ஒன்று வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது: கொழும்புக்குப் போகும் வாலிபர், போன ஆண்டிலேயே கிராம உத்தியோகத்தரைக் கண்டு பெயரைப் பதிவு செய்யட்டும். வாடகை கொடுத்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கட்டும். கேட்பது அவமரியாதை அன்று.

மூன்றாவது: சேமலாப நிதியைப் பற்றி அறிந்துகொள்வோம். பத்தாண்டுச் சேவையும் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாத இருப்பும் உள்ளவர், வீட்டுத் தேவைக்காக அதில் 30 சதவீதம்வரை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வீட்டுத் தேவையை நிரூபிக்க மறுபடியும் காகிதம் வேண்டும். இதைக் கடன் கொடுப்பவனிடம் போகுமுன் அறிந்திருத்தல் நன்று.

நான்காவது: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின், இந்த மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த நால்வர் அமர்ந்து, வருபவர்களின் விண்ணப்பங்களை இலவசமாக நிரப்பிக் கொடுக்கட்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்த மேசையில் முதலாவதாக உட்கார நான் தயார். விடுமுறைக்கு ஊர் வரும் ஒவ்வொரு மாதமும் வருவேன் என்று பெரியோர் முன்னிலையில் வாக்களிக்கிறேன்.

மாமாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் இப்போது கொழும்பு வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இருக்கிறது. தகரப்பெட்டியில் வாடகைப் பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை அளவெடுப்பவர்கள் வரும்போது மாமா வெறுங்கையோடு நிற்கமாட்டார்.

விண்ணப்பம் எழுதுவது பிச்சை கேட்பதாகாது, நண்பர்களே. நான் இங்கே இருக்கிறேன், இத்தனை ஆண்டு உழைத்தேன், இதுவே என் பெயர், இதுவே என் விலாசம் என்று ஒரு மனிதன் தலைநிமிர்ந்து சொல்வதே விண்ணப்பம். அதைச் சொல்லத் தெரியாதவர்களாக நம் மூத்தோர் ஆக்கப்பட்டார்கள். அதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது நம் கடன்.