குறை கேட்கும் நோட்டு



நமக்கு இப்போது எழுதப் படிக்கத் தெரியும். இந்த எழுத்து எங்கே உதவும்? ஓர் இடம் சொல்கிறேன். அது முதியோர் இல்லம்.

நம் கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் புலையனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் தனியார் இல்லங்களும் உண்டு. இப்படிப்பட்ட இல்லங்களில் சமைப்பவர், துணி துவைப்பவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் எல்லாரும் நம்மைப் போன்றவர்கள்தான். நாளைக்கு நாமே அங்கே தங்க நேரலாம்.

இல்லத்தில் குறைகள் வரும். கஞ்சி ஆறிப்போய் வரும். மாத்திரை மாறிப்போகும். குளியலறை வழுக்கும். இவை சின்ன விஷயங்களா? வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழையபடி நடக்க முடியாமல் போனவர்கள் பலர்.

ஆனாலும் பலர் வாய் திறப்பதில்லை. ஏன்? பயம். "சொன்னால் கோபிப்பார்களே! வெளியே போகச் சொன்னால் எங்கே போவேன்?" என்று பயப்படுகிறார்கள்.

இந்தப் பயத்தைப் போக்க ஒரு நோட்டு போதும். எப்படி?

முதலில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது, அவர் சொன்னபடியே எழுதுங்கள். தேதி போடுங்கள். "இரவு மூன்று முறை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை." இவ்வளவு போதும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, யார் சரிசெய்வார், எந்த நாளுக்குள் என்று எழுதுங்கள்.

நான்காவது, அந்த நாளில் அவரிடம் போய்ப் பதில் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காரணம் சொல்லுங்கள்.

குறை நம் மேலேயே வந்தால்? அதை நாம் விசாரிக்கக் கூடாது. வேறொருவர் விசாரிக்கட்டும். குறை சொன்னவரிடம் முகம் சுளிக்கவும் கூடாது.

இந்த நோட்டு வேலை செய்பவருக்கும் நல்லது. இரவில் முப்பது பேருக்கு ஒரே ஒரு ஆயா என்றால் அவர் எத்தனை கட்டிலுக்கு ஓடுவார்? "கூப்பிட்டும் வரவில்லை" என்று பத்து நாள் எழுதியிருந்தால், இன்னொரு ஆள் வேண்டும் என்பது நிர்வாகிக்குப் புரியும்.

அடித்தார்கள், பணத்தைப் பிடுங்கினார்கள் என்றால் நோட்டோடு நிறுத்தாதீர்கள். வெளியே சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. இதற்குக் காசு கிடையாது. ஆபத்து என்றால் உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். அதற்கு எண் 112.

அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம், இல்லங்களில் இருப்பவர்களின் குறை கேட்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஏற்பாடு வேண்டும் என்றது. நம் நாட்டில் 2007-ல் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. இல்லங்களை எப்படி நடத்த வேண்டும் என்று மாநில அரசு திட்டம் வகுக்கலாம் என்று அது சொல்கிறது. 2025-ல் கேரளச் சட்டமன்றம் முதியோர் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது.

சட்டம் இருக்கிறது. ஆனால் படுக்கையில் கிடக்கும் பாட்டியின் குரல் அங்கே போய்ச் சேர வேண்டுமே! அதை எழுதுகிற கை வேண்டும். உங்கள் கையில் இப்போது பேனா இருக்கிறது. அவருக்காக நாலு வரி எழுதுவீர்களா?