அம்மாயியின் வாய்ப்பாடு
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியொருவர் ஆற்றிய உரை)



டொக்டர் என்றால் சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். நான் பேச வந்தது வாய்ப்பாட்டைப் பற்றி.

ஐந்தாம் வகுப்பு வரை ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வரவில்லை. என் அம்மாயிக்கு எந்த வாய்ப்பாடும் தெரியாது; கையெழுத்தே பெருவிரல்தான். ஆனால் சம்பள நாளில் லயத்து வாசலில் அவரைக்கொட்டைகளைப் பரப்புவார். ஒரு நாள் சம்பளம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு என்று அடுக்கி, வேலைக்குப் போன நாட்களுக்கு வேண்டிய அடுக்குகளை மட்டும் கூட்டுவார். ஒரு மாதம் இரண்டு முழுப்பேர் அரைப்பேராகப் பதிந்திருந்தது. கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கணக்கு திருந்தியது.

அந்த முறையில் நான் கொப்பியில் பெருக்கியபோது சிவப்புக் கோடு விழுந்தது. விடை சரி, வழி பிழையாம். வெகுகாலம் அதை நானும் நம்பினேன்.

பிறகுதான் அகமோஸ் என்ற எகிப்திய எழுத்தர் ஏறத்தாழ கி.மு. 1550இல் பிரதிசெய்த கணக்குச் சுவடியைப் பற்றிப் படித்தேன். இன்று அது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெருக்கல் என்பது பெரும்பாலும் இரட்டிப்பதும் கூட்டுவதுமே. எந்த முழு எண்ணையும் 1, 2, 4, 8, 16 என்ற வரிசையிலிருந்து எடுத்துக் கூட்டி ஆக்கிவிடலாம் என்பதால் அது பிழைப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய வைத்தியசாலையில் இரவுக் கடமை. மழை, மின்சாரமும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. காய்ச்சலோடு 13 கிலோ குழந்தை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிட்டமோல். அவசரத்தில் 295 என்று எழுதிவிட்டேன். மனம் ஒப்பாமல் துண்டின் பின்புறத்தில் இரட்டித்தேன்: 1க்கு 15, 2க்கு 30, 4க்கு 60, 8க்கு 120. எட்டும் நாலும் ஒன்றும் 13. ஆகவே 120, 60, 15, மொத்தம் 195. கை நடுங்கியது.

பாணி மருந்தில் 5 மில்லிலீற்றர் கரண்டிக்கு 120 மில்லிகிராம். வகுத்தலுக்கு எகிப்தியர் பாதியாக்கிக்கொண்டே போவார்கள்: ஒரு கரண்டி 120, அரை 60, கால் 30, அரைக்கால் 15. காலை விட்டுவிட்டுக் கூட்டினால் 195. ஒன்றரையே அரைக்கால் கரண்டி. ஏறக்குறைய 8 மில்லிலீற்றர்.

அரைக்கால் நம் பாட்டன்மார் சொல். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்புவித்த காலத்தில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கினார்கள். இருபதில் ஒன்று மா, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. (உடனே எகிப்தியர் நம்மிடம் படித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், தங்கைகளே.)

அகமோஸ் 6 பாணைப் பத்துப் பேருக்குப் பிரிக்கிறார். ஆளுக்குப் பாதி கொடுத்தால் ஐந்து முடிந்தது. மிச்சம் ஒன்றைப் பத்தாக வெட்டலாம். தமிழில் சொன்னால் அரையே இருமா. எல்லோர் கையிலும் ஒரே அளவுத் துண்டுகள், சண்டை வராது. 7 பாணுக்கு அவர் மூன்றில் இரண்டும் முப்பதில் ஒன்றும் என்கிறார். நம் கணக்கில் அரையே நாலுமா. வெட்டுவதற்கு இதுவே எனக்கு இலகு.

9 பாணை நீங்கள் பிரித்துப் பாருங்கள். தேத்தண்ணி நேரத்தில் கேட்பேன்.