காத்திருக்கும் கட்டில்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையார் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இரவுப் பணியிலேயே கழித்த செவிலியர் என்று அழைப்பிதழில் படித்தேன். அதனால் மருத்துவமனையில் ஒன்றுமே நடக்காத இரவுகளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். நோயாளி யாரும் வராத இரவிலும் விளக்கு எரியவேண்டும், ஆக்சிஜன் தயாராக இருக்கவேண்டும், ஒருவர் விழித்திருக்கவேண்டும். அந்த விழிப்புக்கு யார் சம்பளம் கொடுப்பது? இதற்கு ஒழுங்கான விடை இல்லாததால் உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாட்டில் ஊர் ஊராக மருத்துவமனைகள் மூடப்பட்டன. அமெரிக்காவைத்தான் சொல்கிறேன்.

வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், பங்கோ ஆற்றங்கரையில் பெல்ஹேவன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 2,000கூடக் கிடையாது. பக்கத்து ஹைட் மாவட்டத்தில் மருத்துவமனையே இல்லாததால் அந்த மக்களும் பெல்ஹேவன் ஆஸ்பத்திரியைத்தான் நம்பியிருந்தார்கள். 2014 ஜூலை 1 அன்று அதை மூடினார்கள். சில நாள்களிலேயே ஹைட் மாவட்டத்துப் பெண் ஒருவருக்கு மாரடைப்பு. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு, ஹெலிகாப்டர் இறங்கத் தோதான இடத்தில் போய் நின்றது. ஹெலிகாப்டருக்காக ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரி திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்லமுடியாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மருத்துவர் இல்லாமல் போனது என்பதில் ஐயமில்லை.

ஊர் மேயர் ஆடம் ஓநீல் அதே மாதம் வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். 273 மைல் தூரம். அவர் குடியரசுக் கட்சிக்காரர். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை விரிவாக்கமாட்டோம் என்று அந்த மாநிலத்தில் பிடிவாதமாக நின்றதும் அவருடைய கட்சிதான். அந்த முடிவைக் குறை சொல்லிக்கொண்டேதான் மனிதர் நடந்தார். பாதயாத்திரை நமக்குப் பழக்கப்பட்ட விஷயம். தன் கட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்காக யாத்திரை போனவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஆஸ்பத்திரிகள் எப்படி வந்தன என்று பார்த்தால்தான் ஏன் போயின என்பது விளங்கும். 1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டம், ஆயிரம் பேருக்கு 4.5 கட்டில் என்று இலக்கு வைத்து நாடெங்கும் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தது. கறுப்பின மக்களைத் தனியாக ஒதுக்கிவைக்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 1963இல் நீதிமன்றம்தான் அதைத் தகர்த்தது. சிறிய ஊர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் பணம் கட்டுவதற்குத்தான் வந்தது. நடத்துவதற்கு வரவில்லை.

1965இல் முதியோருக்கான மெடிக்கேர் வந்தது. ஆன செலவைக் கணக்குக் காட்டினால் பணம் கிடைக்கும் என்பதால் கொஞ்ச காலம் வண்டி ஓடியது. 1983இல் அந்த முறை மாறியது. நிமோனியாவுக்கு இவ்வளவு, இடுப்பெலும்பு முறிவுக்கு இவ்வளவு என்று நோய்க்கு நோய் விலை குறித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் ஒருவரிடம் வரும் நஷ்டத்தை இன்னொருவரிடம் வரும் லாபம் ஈடுகட்டும். இருபது கட்டில் ஆஸ்பத்திரியில் கடும் நோயோடு நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் அந்த மாதக் கணக்கு கவிழ்ந்துவிடும். அவசரமாக வருபவரைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986இல் சட்டம் வந்தது. மிக நல்ல சட்டம். ஆனால் அந்தச் செலவை யார் தருவது என்று அது சொல்லவில்லை. 1997இல் சிறிய தொலைதூர ஆஸ்பத்திரிகளுக்குச் செலவை ஒட்டி மெடிக்கேர் பணம் தர ஏற்பாடு செய்தார்கள். பல ஆஸ்பத்திரிகள் அதனால் தப்பின.

பிறகு 2010இல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம். ஏழைகளெல்லாம் மெடிக்கெய்டுக்குள் வந்துவிடுவார்கள் என்பது அதன் கணக்கு. விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, தென் மாநிலங்கள் பல மறுத்துவிட்டன. 2010 முதல் 2021 வரை 136 கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன. மூடல்கள் அதிகம் நடந்த டெக்சாஸும் டென்னசியும் இன்றுவரை மெடிக்கெய்டை விரிவாக்கவில்லை. கொரோனா வந்த 2020இல் மட்டும் 19 மூடல்கள். வட கரோலினாவில் விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பரில்.

மூடல் என்றால் ஒரே நாளில் பூட்டுப் போடுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் முதலில் போவது பிரசவ வார்டு. ஆண்டுக்கு நூறு பிரசவம் நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியை எண்ணிப் பாருங்கள். சுமார் மூன்றரை நாளுக்கு ஒரு குழந்தை. அந்த ஒரு குழந்தைக்காக இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தெரிந்த செவிலியர் இருக்கவேண்டும். சிசேரியன் செய்ய ஒருவர், மயக்க மருந்து கொடுக்க ஒருவர், கூப்பிட்ட குரலுக்கு வரும் தூரத்தில் இருக்கவேண்டும். ரத்தம் வேண்டும். கிராமப்புறப் பிரசவங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பணம் தருவது மெடிக்கெய்டு. அது தருவதோ குறைவு. பிரசவத்துக்குத்தான் பணம் வரும். பிரசவமில்லாத மற்ற நாள்களுக்கு வராது. எந்தக் கணக்குப்பிள்ளையும் அந்த வார்டைத்தான் முதலில் சுழிப்பான். 2022இல் கிராமப்புற மருத்துவமனைகளில் பாதிக்கு மேல் பிரசவ வசதி இல்லை. நகரத்தை ஒட்டாத மாவட்டங்களில் அந்த வசதி போன பிறகு குறைப்பிரசவங்கள் கூடின. பிரசவ வார்டே இல்லாத மருத்துவமனைகளில் குழந்தை பிறப்பதும் கூடியது.

மற்ற நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2013 முதல் 2017 வரை மூடப்பட்ட ஊர்களைப் பார்த்தது. உள்நோயாளியாகச் சேர 2012இல் 3.4 மைல் போனால் போதும், 2018இல் 23.9 மைல். குடிப்பழக்கம், போதைப்பழக்கத்துக்கான சிகிச்சைக்கு 5.5 மைல் என்பது 44.6 மைல் ஆனது. இவையெல்லாம் இடைநிலை அளவுகள். பாதிப் பேருக்குத் தூரம் இதற்கும் மேல். கார் ஓட்டமுடியாத கிழவருக்கு 24 மைலும் ஒன்றுதான், 240 மைலும் ஒன்றுதான். கலிஃபோர்னியாவில் 1995க்கும் 2011க்கும் இடையே நடந்த மூடல்களை ஆராய்ந்தவர்கள், கிராமத்து மருத்துவமனை மூடப்பட்டபோது அந்த வட்டாரத்து உள்நோயாளிகளின் இறப்பு 5.9 விழுக்காடு கூடியதைக் கண்டார்கள். நகரத்து மூடல்களில் அப்படியொரு மாற்றம் தென்படவில்லை.

இங்கே மருத்துவ மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். எப்போதாவது ஒரு நோயாளியைப் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியை விட, தினம் பத்துப் பேரைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி மேல்தானே? நியாயமான கேள்வி. லண்டனில் 2010இல் பக்கவாதத்துக்கான தொடக்கச் சிகிச்சையைச் சுமார் முப்பது மருத்துவமனைகளிலிருந்து எடுத்து எட்டே மையங்களில் குவித்தார்கள். இறப்பு குறைந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் எந்த மையத்துக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச்சேரும் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் பழைய இடங்களில் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். பெல்ஹேவனிலோ மூடிய பிறகு ஹெலிகாப்டருக்காகக் காத்துக் கிடந்தார்கள். மூடலே கூடாது என்று நான் வாதாட வரவில்லை.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் போக விரும்பாத ஊர்களுக்கு யார் போனார்கள்? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஏபிரகாம் வர்கீஸ் 1980களில் டென்னசியின் மலைப்பகுதி நகரமான ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்தார். 1994இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதே ஆண்டில்தான், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை பார்க்கும் வெளிநாட்டு மருத்துவருக்கு விசா விதியைத் தளர்த்தும் திட்டமும் வந்தது. நம் பிள்ளைகள் பலர் அந்த வழியில் போனவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஆஸ்பத்திரியை மூடினால், மருத்துவரின் வேலையோடு அவருடைய விசாவும் ஊசலாடும்.

கடைசியாக, விழித்திருப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விக்கு இரண்டு விதமாக வழி தேடியிருக்கிறார்கள். மேரிலாந்து மாநிலம் 2010இல் பத்துக் கிராமப்புற மருத்துவமனைகளுக்கு ஆண்டு முழுவதற்கும் இவ்வளவு என்று வருமானத்தை முன்கூட்டியே நிர்ணயித்தது. 2014இல் மற்ற மருத்துவமனைகளுக்கும் அதை விரிவாக்கியது. கூட்டம் குறைந்தாலும் வருமானம் குறையாது. நான் இந்தப் பக்கம்தான். மத்திய அரசோ 2023இல் கிராமப்புற அவசர மருத்துவமனை என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. யாரும் வராவிட்டாலும் அந்த ஆண்டில் மாதம் சுமார் 2,70,000 டாலர் கிடைத்தது. விழித்திருப்பதற்குச் சம்பளம் உண்டு என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முக்கிய நிபந்தனை: உள்நோயாளிக் கட்டில் இருக்கக்கூடாது. நிமோனியாவோடு வரும் பெரியவரை முன்பு நாலு நாள் சொந்த ஊரிலேயே வைத்துப் பார்ப்பார்கள். வீட்டம்மா மாலையில் கஞ்சி கொண்டுவருவார். இப்போது ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். துணைக்குப் போகிறவர் ராத்திரி எங்கே தங்குவார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் ஏற்பாடு இல்லை.