வேனில் ஏறும் சிலிண்டரும் வாசலில் நிற்கும் பேட்டரியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குற்றாலம் சுற்றுலா ஏற்பாட்டை ஒட்டி ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. நமக்கும் வேன் பேசியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "சிலிண்டர், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் வேனிலேயே ஏற்றிக்கொள்வோம், போகிற இடத்தில் சமைத்துக்கொள்வோம்" என்று பலரும் சொன்னீர்கள். செலவு மிச்சம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வீட்டுச் சாப்பாடு. திருச்செந்தூருக்கும் இருக்கன்குடிக்கும் சபரிமலைக்கும் நம் ஊர்க்காரர்கள் இப்படித்தான் காலங்காலமாகப் போய் வருகிறார்கள். ஆனாலும் அந்த முடிவை எடுப்பதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நமக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது மதுரை ரயில் நிலையம். 2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப்பெட்டி, புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைக்கப்பட்டு அன்று அதிகாலை மதுரைக்கு வந்தது. பெட்டியைக் கழற்றி யார்டில் நிறுத்தினார்கள். ஏறத்தாழ 60 பேர் அதற்குள் இருந்தார்கள். விடியற்காலை ஐந்தேகால் மணிவாக்கில் உள்ளே தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டரில் டீ, காபி போட முயன்றபோது தீப்பிடித்தது என்று ரயில்வே தெரிவித்தது. 9 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலச் செலவைக் கணக்குப் பார்த்து, குடும்பம் குடும்பமாகக் கிளம்பிய சாதாரண மக்கள்தான். ஓடும் ரயிலில் எரியும் பொருளைக் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ரயிலுக்காவது இப்படி ஒரு சட்டமும் சோதனையும் இருக்கிறது. நம் வேனைச் சோதிக்க நம்மைத் தவிர யாரும் இல்லை.

சிலிண்டர் வீட்டுச் சமையலறையிலும்தானே இருக்கிறது, வேனில் மட்டும் என்ன என்று கேட்பீர்கள். சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தண்ணீர் போலப் படர்ந்து, பள்ளமான இடத்தில் தங்கும். வீட்டில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். ஏசி வேனில் எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கும். சீட்டுக்கு அடியில், பைகளுக்கு நடுவில், நம் கால்மாட்டிலேயே அது கிடக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் கலந்தாலே தீப்பற்றப் போதும். ஒரு லிட்டர் திரவ காஸ், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். பொறிக்கு எங்கே போவது என்று நினைக்காதீர்கள். டிரைவர் சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தி, விளக்கு சுவிட்ச், செல்போன் சார்ஜர் போட்டிருக்கும் இன்வெர்ட்டர், இதில் எது வேண்டுமானாலும் போதும்.

இடம் பற்றாமல் சிலிண்டரைப் படுக்க வைத்துவிடுவது இன்னொரு தவறு. நிமிர்ந்து நின்றால் மேலே வாயு மட்டும் இருக்கும். படுத்தால் வால்வு வழியாகத் திரவமே வெளியே வரும். ஒரு மேடு பள்ளத்தில் ரெகுலேட்டர் தட்டுப்பட்டால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கடையில் மாற்றி நிரப்பித் தரும் குட்டி சிலிண்டரை "சின்னதுதானே" என்று எடுத்துப் போவது அதைவிட மோசம். எவ்வளவு நிரப்பினார்கள், வால்வு சரியாக இருக்கிறதா என்று அதைப் பார்ப்பவர் யாரும் இல்லை. அப்படி மாற்றி நிரப்புவதே சட்டப்படி குற்றம்.

காஸுக்காவது வாசனை சேர்த்திருக்கிறார்கள். மூக்கு நம்மை எச்சரிக்கும். வாசனையே இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகராவில், 2024 டிசம்பரில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். கேரவன் என்பது படுக்கை, கழிவறை, ஏசி எல்லாம் உள்ள நடமாடும் வீடு. ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்ஸைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கோழிக்கோடு என்ஐடி வல்லுநர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு 950 பிபிஎம்மைத் தாண்டியிருந்தது. மூடிய வண்டியில் தூங்குகிற மனிதனைக் கொல்ல இது போதும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு அசதி. பயணக் களைப்பு என்று நினைத்துப் படுப்பவர் எழுந்திருக்க மாட்டார். நம் வேன் டிரைவர்கள் இரவு முழுக்க ஓட்டிவிட்டு, பகலில் என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தம்பிக்கு அறையில் ஒரு படுக்கை ஒதுக்குங்கள். அது அவர் உயிருக்கும் நல்லது, திரும்பி வரும்போது நம் உயிருக்கும் நல்லது.

இதே ஆபத்து நம் குடியிருப்பிலும் உண்டு. மின்வெட்டின்போது ஓடும் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். குளியலறைக்குள் காஸ் கீசர் வைத்திருப்பவர்கள், காற்று வெளியேற வழி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்காதீர்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதே நல்லது.

அடுத்து பேட்டரி. வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். இது சமையல் காஸுக்கு நேர் எதிர். மிக இலேசானது, மேலே போய்க் கூரையடியில் சேரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் நிலை. ஆகவே பேட்டரியை அலமாரிக்குள் வைத்து மூடக் கூடாது. மேலே பூஜை விளக்கு கூடாது. பக்கத்தில் காஸ் சிலிண்டர் கூடாது. நம் ஊரில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கொடுக்க வாங்கும் கிஃப்ட் பாக்ஸை, "ஓரமாக இருக்கட்டும்" என்று இன்வெர்ட்டர் மேலேயே அடுக்குகிறோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து ஊற்றுங்கள். அளவு பார்க்கத் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கிட்டே கொண்டுபோகாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதில் ஒரு செல் சூடேறிப் பழுதானால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் போகும். அது அடுத்ததைக் கிளப்பும். சரவெடி எப்படி என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அதே மாதிரிதான். புகையில் விஷ வாயுக்கள் உண்டு. அணைந்தது போலத் தெரிந்து மறுபடியும் பற்றும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்தராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை, அதே கட்டடத்தில் மேலே இருந்த தங்கும் விடுதிக்குப் பரவி 8 பேர் இறந்தார்கள். கீழே வண்டி, மேலே மனிதர்கள். நம் கட்டடமும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதியை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். மின்சார வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி சார்ஜரையே பயன்படுத்துங்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் செருகாமல், சூடு தணிந்த பிறகு செருகுங்கள். கீழே விழுந்த, உப்பிய, தண்ணீரில் நனைந்த பேட்டரியை சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் வழியில், அதாவது வீட்டு வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போடாதீர்கள். தீ வாசலில் என்றால் வீட்டுக்குள் இருப்பவர் எந்த வழியாக வருவார்?

நான் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன். இங்கே பல குடும்பங்கள் அந்தத் தொழிலால் வாழ்ந்தவை. அங்கே என்ன செய்கிறோம்? ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் விடமாட்டோம். கதவைத் திறந்தே வைப்போம், வெளியே ஓடும் வழியில் ஒரு பெட்டியைக்கூட வைக்கவிட மாட்டோம். சேரக் கூடாத மருந்தை ஒரே அறையில் சேர்க்க மாட்டோம். இந்த விதிகளைப் பார்க்கும் பெசோ என்ற மத்திய அரசு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் காஸ் சிலிண்டருக்கான விதிகளையும் பார்க்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து ஆபத்து என்பதால்தான். ஆலையில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், சுற்றுலா என்றதும் மூடிய வேனில் இருபது பேரையும் சிலிண்டரையும் பட்டாசுப் பெட்டியையும் ஒன்றாக ஏற்றுகிறோம்.

இன்னொரு பாடமும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் தீயைக் கண்டு உதவ ஓடியவர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கியவர்களில் பலர். ஆகவே பேட்டரி எரிந்தால் வீடியோ எடுக்க நிற்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, லிஃப்டைத் தொடாமல், படி வழியாக இறங்கி, 101க்கு அல்லது 112க்குப் பேசுங்கள். காஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு 1906க்கு அழையுங்கள். கட்டணமில்லாத எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஆட்கள் போகும் வேனில் சிலிண்டரும் பட்டாசும் ஏறக் கூடாது. போகும் வழிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்வோம், பிளாஸ்கில் டீ எடுத்துக்கொள்வோம். தங்குமிடத்தைச் சமையலறையோடு வாடகைக்கு எடுப்போம். சமைத்தே ஆக வேண்டும் என்றால் சாமான்கள் தனியாக ஒரு திறந்த லோடு வண்டியில், சிலிண்டர் நிமிர்ந்து, கயிற்றால் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் மூடியைப் போட்டு வரட்டும். ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

இரண்டு, மேல்மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு வண்டிக்கு சார்ஜ் போடுவதை நிறுத்துவோம். சங்கச் செலவில், காற்றோட்டமான வெளிப்புறச் சுவரோரம், படிக்கட்டிலிருந்து தள்ளி, தனி பிரேக்கரும் எர்த்தும் உள்ள சார்ஜிங் இடம் அமைப்போம்.

மூன்று, ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரம் காஸ் டியூபைப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் மாற்றுங்கள். சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடித் தகட்டில் உள்ள எழுத்தையும் ஆண்டையும் படியுங்கள். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. பக்கத்தில் உள்ள எண் ஆண்டு. தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை.

முதல் கோரிக்கையை இன்றே முடிவு செய்துவிடலாம். வேன்காரருக்கு இன்னும் முன்பணம் மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். லோடு வண்டி வேண்டுமா, சமையலறை உள்ள தங்குமிடம் வேண்டுமா என்று கை தூக்கிச் சொல்லுங்கள்.